உலகம் முடிந்த பிறகும் டியூட்டி: அபத்த நாடகத்தைப் படமாக்க ஒரு கையேடு

மேடையில் ஒருவர் வந்து, தான் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வாடகை அறையாக மாறிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். கூட்டம் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறது. பின்னால் கறுப்புத் துணி, மேலே இரண்டு ஸ்பாட் லைட், ஓரத்தில் ஒரு நாற்காலி. மீதியை மனசு பார்த்துக்கொள்ளும். அதே ஆளை, அதே வசனத்தோடு, வெட்டவெளியில் கேமரா முன்னால் நிறுத்திப் பாருங்கள். அவருடைய சட்டைக் காலரில் இஸ்திரி மடிப்பு தெரியும், தூரத்தில் செல்போன் டவர் தெரியும். வசனம் படுத்துவிடும்.

நாடகக் குழுக்களுக்கு லைட் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, பிறகு சினிமாவில் திரைக்கதை வேலைக்கு வந்தவன் நான். அதனாலோ என்னவோ, என்னைத் தேடி வருகிற இளைஞர்களில் பாதிப் பேர் கையில் ஒரு நாடகப் பிரதி இருக்கும். இப்போது உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதைகள்தான் அதிகம் வருகின்றன. நாலு பேர், ஒரே இடம், செலவு கம்மி என்று கணக்குப் போட்டிருப்பார்கள். செலவு கம்மிதான், மறுக்கவில்லை. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பேசுவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு படத்தைப் போட்டுக் காட்டுவேன்: ரிச்சர்ட் லெஸ்டர் 1969-இல் எடுத்த 'த பெட் சிட்டிங் ரூம்'. படுக்கவும் உட்காரவும் ஒரே அறையாக வாடகைக்கு விடுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

அதன் மூலம் ஸ்பைக் மில்லிகனும் ஜான் ஆன்ட்ரோபஸும் சேர்ந்து எழுதிய நாடகம். 1962 பிப்ரவரியில் கேன்டர்பரியில் ஓரங்க நாடகமாக வந்தது. வளர்த்து எழுதப்பட்டு 1963 ஜனவரி கடைசியில் லண்டன் மெர்மெய்ட் அரங்கில் முழு நாடகமாக ஏறியது. அணுகுண்டுப் போர் முடிந்துவிட்டது. படத்தில் அந்தப் போர் மொத்தமே 2 நிமிடம் 28 விநாடி, சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நேரமும் அதில் சேர்த்தி. லண்டனில் மிஞ்சியவர்கள் இருபது பேர். ஒரு குடும்பம் சுரங்க ரயிலில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது, அந்த ரயிலுக்கு மின்சாரம் கொடுக்க ஒருத்தன் சைக்கிள் மிதிக்கிறான். ஃபோர்ட்னம் பிரபு தான் அறையாகிவிடுவோமோ என்று பயந்து, கடைசியில் அறையாகியே விடுகிறார். குடும்பத்து அம்மா அலமாரி ஆகிறாள். அப்பா கிளியாகி, சமைக்கப்படுகிறார்.

முதலில் விதியைக் கண்டுபிடியுங்கள்

அபத்தம் என்றால் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று அர்த்தமில்லை. நல்ல அபத்த நாடகம் ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு விதி ஓடும். இந்த நாடகத்தின் விதி இது: எல்லாம் போன பிறகும் யாரும் தன் வேலையையோ அந்தஸ்தையோ விடமாட்டார்கள். படத்தில் பிபிசி செய்தி வாசிப்பவர் இடுப்புக்கு மேலே மட்டும் கோட்டு, போ டையோடு, காலி டிவிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து செய்தி வாசிக்கிறார். நாட்டின் மருத்துவத் துறை முழுவதும் ஒற்றை ஆண் நர்ஸ். மார்ட்டி ஃபெல்ட்மன் நடித்தது. பதுங்குகுழியில் இருக்கும் அதிகாரி, புரொஜெக்டர் இல்லாமலே பழைய படச் சுருளைக் கையில் பிடித்துப் பார்த்துப் பொழுதைப் போக்குகிறார். அரச குடும்பம் அழிந்துவிட்டதால், மிஞ்சியவர்களில் வாரிசு வரிசையில் முன்னால் வருகிற லேட்டன்ஸ்டோன் ஹை ஸ்ட்ரீட் எத்தல் ஷ்ரோக் அம்மாள்தான் இனி ராணி. ஒவ்வொன்றும் கிறுக்குத்தனம். ஆனால் எல்லாம் ஒரே கிறுக்குத்தனம்.

உங்கள் நாடகத்தின் விதியை ஒரு வரியில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். ஒரு வரிக்குள் வரவில்லையென்றால் இன்னும் பிரதியைப் படிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். வந்துவிட்டால், ஒவ்வொரு காட்சியையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விதிக்குள் வராத ஜோக் எவ்வளவு கைத்தட்டல் வாங்கியிருந்தாலும் எடுத்துவிடலாம். நாடகமாக நடத்தியவர்களுக்கு இது வலிக்கும். மேடையில் அந்த ஜோக்கைக் காப்பாற்றியது அன்றைய நடிகரும் அன்றைய கூட்டமும்தான், படத்துக்கு அவர்கள் வரப்போவதில்லை. மில்லிகன் மேடையில் எழுதியதை விட்டுவிட்டு மனம்போன போக்கில் பேசுகிறவர் என்று பெயர் எடுத்தவர். அப்படிப்பட்ட நாடகத்தில் பிரதி என்பதே பாதிதான். படத்துக்கு யாராவது உட்கார்ந்து மறுபடி கட்டித்தான் ஆகவேண்டும். லெஸ்டர் படத்தில் திரைக்கதை என்று ஆன்ட்ரோபஸ் பெயரும், தழுவல் என்று சார்ல்ஸ் வுட் பெயரும் வரும். நாடகத்தைப் பெற்றவர் ஒருவர், அதன் மேல் பாசம் இல்லாதவர் ஒருவர். இந்த ஜோடி நல்ல ஏற்பாடு. நீங்களே எழுதி நீங்களே இயக்கிய நாடகம் என்றால், தழுவலை வேறொருவர் கையில் கொடுங்கள். சண்டை வரும், பரவாயில்லை.

வெளியே போவதா, உள்ளேயே இருப்பதா

நாடகத்தைப் படமாக்குகிறவர்கள் எல்லோரும் முதல் வேலையாக 'வெளியே கொண்டுபோகலாம்' என்பார்கள். பல நாடகங்கள் வெளியே போனதும் செத்துவிடும். சாமுவேல் பெக்கெட்டின் 'எண்ட்கேம்' 1957-இல் மேடையேறியது. ஒரே அறை, உயரத்தில் இரண்டு ஜன்னல். எழுந்து நிற்க முடியாத ஹாம், உட்கார முடியாத கிளாவ், குப்பைத் தொட்டிகளுக்குள் ஹாமின் அப்பா அம்மா. கிளாவ் ஏணியில் ஏறித் தொலைநோக்கியால் வெளியே பார்த்து ஹாமுக்குச் சொல்வான். அந்த வெளியை நாம் பார்ப்பதே இல்லை. அதுதான் நாடகத்தின் உயிர். 2000-இல் கானர் மெக்ஃபெர்சன் அதைப் படமாக்கியபோது, மைக்கேல் கேம்பனையும் டேவிட் தியூலிஸையும் வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்துவிட்டார்.

என் சோதனை எளிது. நாடகத்தில் யாராவது ஒருவர் வெளியே பார்த்து மற்றவர்களுக்குச் சொல்கிறாரா? சொல்கிறார் என்றால் கேமராவை வெளியே கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோனால் அந்தப் பாத்திரத்துக்கு வேலை இல்லாமல் போய்விடும். அப்படி இல்லாமல், ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிற நாடகம் என்றால் வெளியே போகலாம். 'பெட் சிட்டிங் ரூம்' அந்த ரகம். லெஸ்டர் தாராளமாகப் போனார்.

போனவர் எங்கே போனார் என்பதைக் கவனியுங்கள். 1968 கோடையில் படத்தின் பெரும்பகுதியை லண்டனுக்குத் தென்மேற்கே சரே பகுதியில் உள்ள சோபம் காமன் என்ற புதர்வெளியிலும் அதைச் சுற்றியும் எடுத்தார்கள். இடிந்த கட்டடங்கள் வரிசையாக நிற்கும் நகரம் ஒன்றை செட் போடவில்லை. வெறும் மண். அதன் மேல் ஏதாவது ஒரே பொருள், அதுவும் குவியல் குவியலாக. உடைந்த பீங்கான் தட்டுகள் ஒரு மேடு, பழைய செருப்பு ஷூக்கள் ஒரு குன்று. செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிறது. கலை வடிவமைப்பு அஷெட்டன் கோர்ட்டன், ஒளிப்பதிவு டேவிட் வாட்கின். நாலு விதமான இடிபாட்டை ஒரே ஃபிரேமில் கலந்தால் அது பழைய இரும்புக் கடை. ஒரே பொருள் ஆயிரக்கணக்கில் கிடந்தால்தான் அங்கே ஆட்கள் இருந்தார்கள், இப்போது இல்லை என்பது உறைக்கும். கையில் காசு இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. எந்தப் பொருள் இலவசமாக, மலையாகக் கிடைக்கும் என்று முதலில் விசாரியுங்கள். லொகேஷன் பிறகு.

மாறுவதைக் காட்டலாமா

இந்த வகை நாடகங்களில் யாராவது எதுவாகவாவது மாறிக்கொண்டே இருப்பார்கள். கிராஃபிக்ஸ் பண்ணலாமா என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது: மாறுவதுதான் சுவாரசியமா, மாறிய பிறகு மற்றவர்கள் அதோடு குடித்தனம் நடத்துவது சுவாரசியமா? இரண்டாவதுதான். பிரபு அறையான பிறகு அந்த அறையிலிருந்து, பிரபுவாக நடித்த ரால்ஃப் ரிச்சர்ட்சனின் குரல் வருகிறது, முகவரி 29, கல் டி சாக் பிளேஸ். ஷேக்ஸ்பியர் பேசிப் பழகிய குரல் அது. உள்ளே குடிவந்தவர்களைப் பற்றி ஒரு வீட்டுச் சொந்தக்காரருக்கே உரிய மிடுக்கோடு அது பேசுகிறது. ஒரு குரலும் நாலு சுவரும் போதும், வேறு செலவே இல்லை.

நடிகர் தேர்வும் இதிலேயே வந்துவிடுகிறது. அபத்தத்தின் நடுவில் நிற்கிற பாத்திரத்துக்கு காமெடி நடிகரைப் போடாதீர்கள். ரிச்சர்ட்சன், மைக்கேல் ஹார்டர்ன் மாதிரி கனமான மேடை நடிகர்களை நடுவில் வைத்துவிட்டு, பீட்டர் குக்கையும் டட்லி மூரையும் போலீஸ்காரர்களாக்கி, பலூனில் தொங்குகிற ஓட்டைக் காரில் ஏற்றி ஓரத்துக்கு அனுப்பினார் லெஸ்டர். நின்றால் எதிரி குறிவைப்பான் என்று எல்லோரையும் நகரச் சொல்லிக்கொண்டே பறப்பதுதான் அவர்கள் டியூட்டி. சிரிப்பு மூட்டத் தெரிந்தவர் நடுவில் நின்றால், இது சிரிப்புக்காக என்று முகத்திலேயே எழுதி ஒட்டிவிடுவார். ஒத்திகையில் நான் நடிகர்களிடம் சொல்வது ஒன்றே ஒன்று: ஆதார் திருத்தத்துக்கு வரிசையில் நிற்கிறாற்போல் பேசுங்கள்.

ஒரு காட்சியை மாற்றுவது: கையோடு ஒரு உதாரணம்

எங்கள் பயிற்சிப் பட்டறையில் ஒரு பையன் எழுதிய சின்ன நாடகம் இருக்கிறது. பேரழிவு வந்து ஊரே இல்லை. கணவனும் மனைவியும் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். அப்போது மீட்டர் கணக்கெடுக்க ஈபி ஆள் வருகிறார். மேடையில் மீட்டர் கிடையாது. ஈபி ஆள் காற்றில் அண்ணாந்து பார்த்து, "கேட்ட ஏன் பூட்டி வச்சிருக்கீங்க, ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் வருவோம்னு தெரியாதா?" என்று சத்தம்போடுவார். கேட்டும் கிடையாது, வீடும் கிடையாது. மனைவி, "மன்னிச்சிடுங்க தம்பி, நாய் வெளிய போயிடும்னு பூட்டினோம்" என்பாள். நாயும் கிடையாது. அரங்கத்தில் நன்றாக எடுபட்டது.

படத்துக்கு இதை அப்படியே எடுத்தால் மூன்று பேர் காற்றைப் பார்த்துப் பேசுகிற மைம் பயிற்சியாகிவிடும். அந்தப் பையன் முதலில் எழுதிக்கொண்டு வந்த திரைக்கதையில் இடிந்த வீடு, தொங்கும் ஒயர், புகை எல்லாம் இருந்தது. அதையெல்லாம் அடித்துவிட்டு, இல்லாத பொருள்களில் ஒன்றை மட்டும் நிஜமாக்கச் சொன்னேன். எதை? கேட்டையா, நாயையா, மீட்டரையா? நாய் வந்தால் கதை நாய் பின்னால் போய்விடும். கேட் வந்தால் படம் அழகாக இருக்கும், ஆனால் வெட்டவெளியில் தனிக் கதவு என்பது பார்த்துப் பார்த்துப் புளித்த படிமம். மீட்டர்தான் சரி.

ஆகவே காய்ந்த ஏரி நடுவில் ஒரு முருங்கைக் கம்பு. அதில் மரப்பலகை, பலகையில் மீட்டர். ஒயர் எங்கேயும் போகவில்லை. ஈபி ஆள் நடந்து வருகிறார், வருகிற தூரத்தை வெட்டாமல் முழுசாகக் காட்டுகிறோம். மீட்டர் கண்ணாடியில் மண் படிந்திருக்கிறது. சட்டைக் கையால் துடைக்கிறார், போதவில்லை, எச்சில் தொட்டுத் துடைக்கிறார். எண்ணைப் பார்க்கிறார். மனைவி முந்தானைக்குள்ளிருந்து வெள்ளை அட்டையை எடுத்து நீட்டுகிறாள். உலகம் அழிந்தபோது அவள் எடுத்துக்கொண்டு ஓடி வந்தது அதைத்தான் என்று நமக்கு அப்போது புரிகிறது, யாரும் சொல்வதில்லை. அவர் பேனாவை உதறி, அட்டையைத் தொடைமேல் வைத்து எழுதுகிறார். "நூறு யூனிட்டுக்குள்ளதான் இருக்கு. கட்ட வேண்டாம்." கணவன் முகத்தில் நிம்மதி. அவ்வளவுதான் காட்சி. கேட்டும் நாயும் போய்விட்டன, வசனம் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டது. விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த எச்சில் தொட்டுத் துடைப்பது நடிகர் தானாகச் செய்தது. எழுதி வராது அது. ஆனால் நிஜ மீட்டரும் நிஜ மண்ணும் இருந்ததால்தான் வந்தது.

சிரிப்புக்கு விட்ட இடைவெளி, அப்புறம் கடிகாரம்

லைட் போட்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ரகசியம்: மேடை அபத்தத்தில் பாதி ஜோக்கை முடித்துவைப்பது லைட்காரன். வசனம், ஒரு மூச்சு, டப்பென்று இருட்டு. அந்த இருட்டில்தான் சிரிப்பு வெடிக்கும். படத்தில் அந்த இருட்டு இல்லை. எடிட்டிங்கில் கறுப்பு ஃபிரேம் போட்டு அதைப் போலச் செய்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், துண்டு துண்டாகிவிடும். சிரிப்புக்காக நடிகர் மேடையில் விட்ட இடைவெளிகளைப் பிரதியில் சிவப்புப் பேனாவால் குறித்து, ஒவ்வொன்றையும் அடைத்துவிடுங்கள். கைவேலை எதையாவது கொடுக்கலாம், அடுத்த வசனத்தை மேலே ஏற்றலாம். ஜோக் முடிந்ததும் அதைக் கவனிக்காத ஒருவர் மேல் கட் செய்யலாம். ஒலியும் உதவும். வெட்டவெளியில் காற்றுச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பேனா தாளில் உரசுவதை நெருக்கமாகக் கேட்கவைத்தால் காலியான உலகம் தானாக வந்துவிடும்.

லெஸ்டர் படத்தில் எனக்குக் குறையாகப் படுவதும் இந்த இடம்தான். நடுப்பகுதியில் எல்லா ஜோக்கும் ஒரே அளவு, ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. ஒன்றரை மணி நேரப் படம் சில இடங்களில் இரண்டரை மணி நேரமாகத் தெரிகிறது. அதைத் தாங்கிப் பிடிப்பது சுரங்க ரயில் குடும்பத்தின் மகளாக ரீட்டா டஷிங்கம் நடித்த பெனலபியின் வயிறு. பதினேழு மாதக் கர்ப்பம். நாடகத்துக்குக் காலம் நின்றுபோயிருக்கலாம், படத்துக்கு எங்காவது ஒரு கடிகாரம் ஓடவேண்டும். அந்தக் கடிகாரமும் அபத்தமாக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் நாடகத்தில் அப்படி எதுவும் இல்லையென்றால் ஒன்றைச் சேருங்கள். தழுவலில் நான் சேர்க்கச் சொல்வது இது ஒன்றைத்தான், மற்றதெல்லாம் கழித்தல்.

இன்னொன்று, பயம். முழு நாடகம் மேடையேறியது கியூபா ஏவுகணை நெருக்கடி நடந்து மூன்றே மாதத்தில். 1962 அக்டோபரில் நிஜமாகவே போர் வந்துவிடும் என்று நினைத்த மக்கள், அந்த பயத்தை அரங்கத்துக்குள் கூடவே கொண்டுவந்து உட்கார்ந்தார்கள். படம் வந்தபோது அந்தச் சூடு இல்லை. உங்கள் பார்வையாளர் எந்த பயத்தோடு உள்ளே வருவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதுவுமில்லை என்றால் முதல் பத்து நிமிடத்தில் ஒரு காட்சியாவது சிரிப்பே இல்லாமல் இருக்கட்டும்.

காகிதங்கள்

வேறொருவர் நாடகம் என்றால் அனுமதி வாங்காமல் ஒரு ஷாட் கூட வைக்காதீர்கள். இந்தியாவில் காப்புரிமை ஆசிரியர் இறந்த பிறகும் அறுபது ஆண்டு நீடிக்கும். இரண்டு பேர் சேர்ந்து எழுதியது என்றால் கடைசியாக இறப்பவரிலிருந்து கணக்கு. மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால் மொழிபெயர்ப்பாளரிடமும் தனியாக வாங்கவேண்டும். இடத்தை மாற்றுவதற்கும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். 1984-இல் அமெரிக்காவில் 'எண்ட்கேம்' நாடகத்தைக் கைவிடப்பட்ட சுரங்க ரயில் நிலையம் மாதிரி செட் போட்டு நடத்தியபோது, பெக்கெட் ஒப்புக்கொள்ளவில்லை. தன் எதிர்ப்பை நிகழ்ச்சித் தாளில் அச்சிடவைத்த பிறகுதான் நாடகம் நடந்தது. ஜன்னலையும் சாம்பல் நிற அறையையும் எழுதியவர் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார், நாம் மாற்றினால் அவர் கேட்பார்.

தயாரிப்பாளரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். லெஸ்டர் பீட்டில்ஸை வைத்து இரண்டு வெற்றிப் படம் கொடுத்தவர், மேடை நாடகம் ஒன்றைப் படமாக்கி 1965-இல் கான் விழாவில் முதல் பரிசு வாங்கியவர். அவருக்கே இந்தப் படம் ஓடவில்லை. அடுத்த படம் வர நாலு வருஷம் ஆயிற்று. ஆகவே பட்ஜெட்டைப் போட்ட பணம் திரும்பாது என்ற கணக்கில் எழுதுங்கள். எழுதிய பிறகும் ஒருவர் சம்மதித்தால் அவர்தான் உங்களுக்குச் சரியான ஆள்.

டைட்டில் கார்டை மட்டும் கடைசி நாளில் அவசரமாகச் செய்யாதீர்கள். பெரிய நடிகர் யார், யார் பெயர் முன்னால் என்று எல்லா ஊரிலும் தகராறு நடக்கும். லெஸ்டர் நடிகர்கள் பெயரை உயர வரிசைப்படி போட்டார். அந்தஸ்தைப் பற்றிய படத்துக்கு அந்தஸ்து பார்க்காத பட்டியல். உங்கள் விதி எதுவோ அதற்கு ஏற்ற வரிசை ஒன்றை யோசியுங்கள். எங்கள் மீட்டர் படத்தில் வீட்டு மின் இணைப்பு எண் வரிசையில் போட்டோம். வாடகை வீட்டில் இருந்த ஒரு நடிகர் எண் கேட்டு ஓனருக்கு போன் போட வேண்டியிருந்தது.